1937 சென்னை மாகாண ஆட்சி: கையில் கிடைத்தது அதிகாரமா, நாற்காலியா?

கோட்டைவாசி:
பிரிட்டிஷார் மாகாண ஆட்சிக்கு வகுத்த 1935 இந்திய அரசுச் சட்டத்தை அடிமைச் சாசனம் என்றார் நேரு. அதே சட்டப்படி நடந்த தேர்தலில் நின்று, சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159ஐ வென்று, 1937 ஜூலையில் ஆளுநர் எர்ஸ்கின் முன்னால் பதவியும் ஏற்றது காங்கிரஸ். இதற்கு என்ன நியாயம்?

ஏட்டுச்சுரை:
ஏப்ரல் முதல் தேதியே ஏற்றிருக்கலாமே, ஏன் ஏற்கவில்லை? ஆளுநர் தன் சிறப்பு அதிகாரத்தை எடுத்து அன்றாட ஆட்சியில் தலையிடக் கூடாது என்று உறுதி கேட்டார்கள். அதுவரை கே.வி. ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவைதான் ஓடியது. ஜூனில் வைஸ்ராய் லின்லித்கோ இறங்கி வந்து விளக்கம் கொடுத்த பிறகே ராஜாஜி கோட்டைக்குள் போனார்.

கோட்டைவாசி:
விளக்கம் கொடுத்தார், சரி. சட்டத்தில் ஒரு எழுத்தாவது மாறியதா?

ஏட்டுச்சுரை:
மாறவில்லைதான். ஆனால் 1920 இரட்டையாட்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது நீதிக்கட்சி அமைச்சர்களிடம் கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மட்டும். கஜானாவும் போலீசும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம். பள்ளிக்கூடம் திறக்க நினைத்தால்கூடப் பணத்துக்கு அந்தப் பக்கம் கையேந்த வேண்டும். 1937இல் நிதி முதலமைச்சர் கைக்கே வந்தது. அதனால்தான் அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கு, 1938இல் விவசாயிகளுக்குக் கடன் நிவாரணச் சட்டம், அப்புறம் கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி. வரி போடவும் விடவும் முடிந்தால் அதை வெறும் நாற்காலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செங்கல்:
நீதிக்கட்சியை இவ்வளவு சுலபமாகக் கையேந்த விடாதீர்கள். பிரிட்டிஷ் மாகாணங்களில் பெண்களுக்கு முதலில் ஓட்டுரிமை தந்தது சென்னை, 1921இல். அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையும் அதே ஆண்டு. கஜானா சாவி இல்லாமலே செய்தார்கள்.
அப்புறம், ராஜாஜி கைக்கு வந்த போலீஸ் என்ன செய்தது என்பதையும் சொல்லுங்கள். பள்ளிகளில் கட்டாய இந்தியை எதிர்த்தவர்கள் மேல் குற்றவியல் திருத்தச் சட்டத்தை ஏவியது. அது வெள்ளைக்காரன் போட்ட சட்டம். காங்கிரஸே நேற்றுவரை திட்டிய சட்டம். சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939இல் இறந்தார்கள்.

ஏட்டுச்சுரை:
அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள், உங்கள் வாதமே அதிகாரம் நிஜம் என்றுதான் நிரூபிக்கிறது.

கோட்டைவாசி:
நிஜமா? 1939இல் இந்தியரைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார் வைஸ்ராய். அக்டோபரில் அமைச்சரவை ராஜினாமா. அதே 1935 சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி ஆட்சி ஆளுநர் கைக்குப் போனது. 1940 பிப்ரவரியில் எர்ஸ்கின் ஓர் ஆணையில் கட்டாய இந்தியை நீக்கினார். செங்கல் தரப்பு இரண்டு வருடம் போராடியும் தேர்ந்தெடுத்த அரசிடம் பெற முடியாததை, யாருமே தேர்ந்தெடுக்காத ஒரு துரை கொடுத்தார். சாவி எப்போதும் யாரிடம் இருந்தது?

செங்கல்:
நீக்க வைத்தது போராட்டம், துரை அல்ல. சொத்துத் தகுதி பார்த்து ஓட்டுரிமை கொடுத்த காலத்தில், ஓட்டில்லாதவனுக்குத் தெருதான் சட்டசபை.

ஏட்டுச்சுரை:
என் வருத்தம் வேறு. ஏற்றதைவிட விட்டதுதான் பெரிய தவறு. 1946 வரை ஆளுநர் ஆட்சி! போர்க்கால விலைவாசியில் மக்கள் தவித்தபோது கேள்வி கேட்க ஒரு சட்டசபைகூட நடக்கவில்லை.

கோட்டைவாசி:
போரில் பங்காளியாகவா உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்கள்?

ஏட்டுச்சுரை:
உட்கார்ந்திருந்து, துரையே வெளியே தள்ளும்படி செய்திருக்கலாம் என்கிறேன்.