மலரில் எனக்கு எட்டுப் பக்கம் வேண்டும்

சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஆண்டு மலருக்குப் பக்கம் பிரித்த பட்டியலைப் பார்த்தேன். நன்கொடையாளர் படங்களுக்கு 20 பக்கம், அப்புறம் கோயில், கந்தூரி, பள்ளிக்கூடம், வாழ்த்துச் செய்திகள். சரி, எல்லாம் வேண்டியதுதான். கடலில் பாசி பறிக்கப் போகிற நம்மூர்ப் பெண்களுக்கு எட்டுப் பக்கம் கேட்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பிழைக்க வந்த அயர்லாந்தில் 1894-இல் ஹோரேஸ் பிளங்கெட் விவசாயக் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் பால் சங்கம் வந்தது. அதுவரை வீட்டில் வெண்ணெய் கடைந்து விற்றவர்கள் பெண்கள். பால் அப்படியே சங்கத்துக்குப் போனதும் அந்த வேலை போச்சு. காசும் பெரும்பாலும் உறுப்பினரான ஆம்பளை கைக்குப் போச்சு. 1910-இல் வெக்ஸ்ஃபோர்டு பக்கம் பிரீ என்ற கிராமத்தில் அனிதா லெட் பெண்களைக் கூட்டித் தனிச் சங்கம் ஆரம்பித்தார். மறு வருஷமே எல்லிஸ் பில்கிங்டன் அதைப் பற்றி எழுத, பிளங்கெட், கவிஞர் ஜார்ஜ் ரசல் இவர்கள் கட்டுரைகளோடு சேர்ந்து புத்தகமாக வந்தது. ரசல் நடத்திய கூட்டுறவு வார இதழில் சூசன் மிச்செல் என்ற பெண் துணை ஆசிரியராக இருந்தார். 1935-இல் பெயர் மாறினாலும் அந்தப் பெண்கள் சங்கம் இன்றும் இருக்கிறது. அவர்கள் எழுதி வைத்ததால் நான் படித்தேன்.

என் அம்மாவைப் பற்றிய எழுத்து பாசி யாவாரியின் நோட்டில்தான் இருந்தது. தேதி, கிலோ, மண் கழிவு (மண்ணுக்கென்று எடையில் குறைப்பது). கழிவை அவர் இஷ்டத்துக்குப் போடுவார். பக்கத்தின் தலையில் அப்பா பெயர். கடலில் இறங்கியவள் அம்மா. விரலில் துணி சுற்றி, இடுப்பில் சாக்கைக் கட்டி, மூச்சடக்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்ப்பாள். வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்தால் விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று அன்றைக்குக் கரண்டியால்தான் சாப்பிடுவாள். (இங்கே அயர்லாந்தில் காய்ந்த கடல்பாசியைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள், இருமலுக்குப் பாலில் காய்ச்சிக் குடிக்க. அம்மா பார்த்திருந்தால் இதில் கழிவு எவ்வளவு என்று கேட்டிருப்பாள்.)

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் போனபின் கெடுபிடி வந்தது. நம் கடற்கரைப் பெண்கள் ஊர் ஊராகப் பேசித் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்: மாதம் 12 நாள்தான் பாசிக்குப் போவது, இரும்புச் சுரண்டி கூடாது. அதற்கு முன்னே நின்ற பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவில், தீவுகளைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்கான சீகாலஜி விருது கொடுத்தார்கள். பதிவு எண் இருக்கிறதோ இல்லையோ, என் கணக்கில் இது கூட்டுறவுதான்.

மதினிமார்களும் லாத்தாமார்களும் சொல்லட்டும், பேத்திகள் எழுதட்டும். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசிகளுக்கு அவர்கள் சொல்கிற பெயரே இருக்கட்டும், பேச்சைத் திருத்த வேண்டாம். ஒவ்வொன்றின் மேலும் சொன்னவர் பெயர் வரவேண்டும், புருஷன் பெயர் இல்லை.

இடம் இல்லை என்று பொருளாளர் அண்ணன் சொல்வார், தெரியும். அந்த 20 பக்கத்தில் கோட்டு போட்ட என் படமும் ஒன்று இருக்கிறது. அதை முதலில் எடுத்துவிடுங்கள்.