பேட்டரி வண்டியில் லோடு அடிப்பவர்கள், பட்டதைச் சொல்லுங்கள்

சுவாமிமலை, வெற்றிலை வியாபாரம்:
மொபெட்டை விற்றுவிட்டு பேட்டரி ஸ்கூட்டர் எடுத்தேன். 250 வாட், பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், விலையும் கைக்கு அடக்கம். ஒரு வாரம் பரவாயில்லை. அப்புறம் ஒரு நாள் விடிகாலை 4 மணி, இரண்டு கூடை வெற்றிலையோடு காவிரிப் பாலம் ஏறுகிறேன். பாதி ஏற்றத்தில் சார்ஜ் மீட்டர் மூன்று கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு இறங்கியது. வண்டி முனகிவிட்டு நின்றது. காலை ஊன்றினேன், பின்பாரம் இழுத்து முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. ஈரச்சாக்கு சரிந்து வெற்றிலைக் கட்டெல்லாம் ரோட்டில். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன்கூட அடிக்காமல் வெளிச்சம் காட்டிக்கொண்டே நின்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். மேலே தள்ளிக்கொண்டு போய்ச் சாவியைத் திருப்பினால், மறுபடி மூன்று கட்டை!

மயிலாடுதுறை, இட்லி மாவு:
எனக்கு ஏற்றம் தொல்லை இல்லை அண்ணா, பஞ்சர்தான். பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். கடைத் தம்பி நட்டைப் பார்த்தார், உள்ளே போகும் வயரைப் பார்த்தார், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, கழட்டுனா ஷாக் அடிக்குமா?" என்றார். 40 பாக்கெட் மாவு வெயிலில் உப்ப ஆரம்பித்துவிட்டது. கடைசியில் சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை இழுத்து ஒட்டினார். டியூப்லெஸ் டயரா என்று வாங்கும்போது நானும் கேட்கவில்லை.

திருவாரூர், வயரிங் வேலை:
வெற்றிலைக்கார அண்ணன் கோபிக்கக்கூடாது, இதில் வண்டிமேல் குற்றம் இல்லை. 250 வாட், 25 கி.மீ. வேகம் என்ற வரம்புக்குள் இருப்பதால்தான் பதிவு கேட்பதில்லை. அந்த மோட்டாரில் பாலம் ஏற ஆளே பாரம், கூடை வேறா? வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் விடாதீர்கள், அப்புறம் அது பதிவு செய்ய வேண்டிய வண்டி, பதிவு இல்லாமல் ஓட்டினால் தப்பு.

என் கதை சின்னது. ஐப்பசி மழையில் ரயில்வே கீழ்ப்பாலத் தண்ணீரில் இறக்கினேன், மோட்டாருக்குக் கரன்ட்டை அளந்து விடும் கன்ட்ரோலர் பெட்டி போச்சு. தண்ணீர் புகுந்தால் வாரண்டி இல்லையாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு: வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்குங்கள். 48 வோல்ட், 28 ஆம்பியர் அவர் என்றால் 1344 வாட் அவர், அதுதான் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு. லோடோடு கிலோமீட்டருக்கு 35 வாட் அவர் செலவு என்று வையுங்கள், 38 கி.மீ. வரும். லெட் ஆசிட் பேட்டரியை தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆக 19 கி.மீ.தான் கணக்கு. ஏற்றத்தில் மோட்டார் இழுக்க வோல்ட் தணியும், மீட்டரும் வோல்ட்டை வைத்துத்தான் காட்டும், அதுதான் அண்ணன் பார்த்த ஒரு கட்டை. லித்தியம் பேட்டரியில் அந்தத் தணிவு குறைவு, ஆனால் விலை கூட. பாரத்தைக் கால் வைக்கும் பலகையில் ஏற்றுங்கள், பின்னச்சுக்குப் பின்னால் தொங்கவிடாதீர்கள். டீலர் காட்டும் தெரு மட்டத் தெரு. உங்கள் மூட்டையைப் போட்டு உங்கள் ஊர்ப் பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சுவாமிமலை, வெற்றிலை வியாபாரம்:
தம்பி, பெருக்கலெல்லாம் சரி. பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? லித்தியம் போட்டால் சார்ஜரும் மாற்றணுமா?

திருவாரூர், வயரிங் வேலை:
கண்டிப்பாக. பழைய சார்ஜரை மாட்டிவிடாதீர்கள் அண்ணே.

மயிலாடுதுறை, இட்லி மாவு:
என் பஞ்சருக்கு யாரும் வழி சொல்லவில்லையே?