வீரிய ஒட்டு நெல்லின் அரிசி ஒரே சீராக வேகாதது ஏன்?

கேள்வி | வெண்ணாற்றங்கரை
சென்ற சம்பாவில் வீரிய ஒட்டு நெல் பயிரிட்டு, வீட்டுக்கென ஒரு பகுதியைப் பச்சரிசியாக அரைத்து வைத்தோம். மகசூலில் குறையில்லை. ஆனால், சில பருக்கைகள் குழைந்துபோன பிறகும் அதே பானையில் வேறு சில, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு அரை வேக்காடாகவே நிற்கின்றன. பக்கத்து வயலின் வெள்ளைப் பொன்னிக்கு இந்தக் குறை இல்லை. விதையில் கலப்படம் இருந்திருக்குமோ?

பதில் | மரபியல் மாணவி
கலப்படம் இல்லாமலும் இப்படி நேரும். நீங்கள் விதைத்தது இரு பெற்றோர் இரகங்களைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை விதை என்பதால் செடிகள் ஒன்றுபோல் நின்றிருக்கும். ஆனால் அவற்றின் கதிரில் விளைந்த ஒவ்வொரு மணியும் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது, பெற்றோரின் மரபணுக்கள் அங்கேதான் பிரிகின்றன. நாம் உண்ணும் மாவுப்பகுதியான முளைசூழ்தசை தாயிடமிருந்து இரு பங்கும் மகரந்தத்திலிருந்து ஒரு பங்கும் பெறுகிறது. ஆகவே, மாவுச்சத்தின் ஒரு கூறான அமைலோஸின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கும் வாக்ஸி மரபணு ஒரு பெற்றோரில் வலுவாகவும் மற்றதில் மெலிந்தும் இருந்தால், வலுவான வடிவத்தை மூன்று, இரண்டு, ஒன்று எனப் பெற்ற மணிகளும் அறவே பெறாத மணிகளும் ஏறக்குறையச் சம அளவில் ஒரே கதிரில் அமையும். அமைலோஸ் 25 விழுக்காட்டைத் தாண்டினால் சோறு உதிரியாகி, ஆறியதும் விறைக்கும். 20-க்குக் கீழே போனால் ஒட்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பொன்னிக்குச் சரி, இதற்குச் செல்லாது.

பதில் | தானிய ஆய்வகம்
அரை வேக்காட்டுக்கு அமைலோஸைவிட, மாவுச்சத்து கூழாகும் வெப்பநிலையையே நான் ஐயுறுவேன். அதை ஆளும் ஏ.எல்.கே. மரபணுவும் வாக்ஸி இருக்கும் ஆறாம் குரோமோசோமில்தான் உள்ளது. வைக்கோற்போரில் தப்பிய முழுக்கதிர் ஒன்று கிடைத்தால், அதன் மணிகளை உமியும் தவிடும் நீக்கி, 1.7 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, 30 டிகிரியில் 23 மணி நேரம் வையுங்கள். (அரிக்கும் காரம் அது, கையுறை வேண்டும்.) கூழாகும் வெப்பநிலை குறைந்த மணிகள் கரைந்து பரவும், மிகுந்தவை உருக்குலையாமல் கிடக்கும். வேறு இரகம் கலந்திருந்தால் கதிருக்குக் கதிர்தான் வேறுபாடு தெரியும். ஒரே கதிருக்குள் இரண்டும் தெரிந்தால் விதை விற்றவர்மீது பழியில்லை. புழுங்கலில் இச்சோதனை பயன்படாது, அதன் மாவுச்சத்து முன்பே வெந்துவிட்டது.

வெண்ணாற்றங்கரை
நன்றி. இந்த நெல்லிலேயே விதை எடுத்தால் சீராகுமா?

பதில் | மரபியல் மாணவி
ஆகாது, மணிகளில் இருக்கும் வேறுபாடு அப்போது செடிகளிலும் வரும், ஆண்மலடான (மகரந்தம் வளமற்ற) செடிகளும் தலைகாட்டும். சமையல் குணத்தில் ஒத்த பெற்றோரைக் கொண்ட ஒட்டு இரகமே தீர்வு. 2001-இல் வெளியான பூசா ஆர்.எச். 10-இன் பெற்றோர் இரண்டுமே மணமுள்ளவை. எட்டாம் குரோமோசோமிலுள்ள மண மரபணு ஒடுங்கு பண்புடையது, அதாவது இரு பக்கமிருந்தும் வந்தால்தான் மணம் வெளிப்படும். ஒரு பெற்றோருக்கு மட்டும் மணம் இருந்திருந்தால் நான்கில் ஒரு மணிதான் மணத்திருக்கும். கையிருப்பு நெல்லைப் புழுங்க வைத்து இட்லிக்கு அரைத்துவிடுங்கள், மாவானபின் இந்த வேற்றுமை உறுத்தாது.