பொருள்: புரோட்டீன் ஸ்கிம்மருக்குத் தமிழ்ச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டிகளை அமைப்போருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அது அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்களெல்லாம் ஒருவாறு அமைந்துவிட்டன. தொட்டி நீரிலிருந்து கழிவை நீக்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மர் மட்டும் அமையவில்லை. ‘புரத நீக்கி’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர், “இது பருப்பிலிருந்து புரதத்தை நீக்கும் கருவியா?” என்று ஓரத்தில் குறித்து அனுப்பியிருக்கிறார். அவர் கேட்டது நியாயம்தான். ஸ்கிம் என்ற வினையை நினைத்தால் எனக்குப் பாலாடை எடுப்பதுதான் தோன்றுகிறது. ‘ஆடையெடுப்பி’ என்றால் துணிக்கடைச் சொல்லாகிவிடும். கையேட்டில் இச்சொல் 60 இடங்களுக்கு மேல் வருவதால், பிழையாக அமைந்தால் நூல் முழுவதும் உறுத்தும். உதவுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து, தொட்டி வளர்ப்பவர்:

அம்மையீர், வணக்கம். 11 ஆண்டுகளாக வீட்டில் 400 லிட்டர் பவளத் தொட்டி வைத்திருப்பவன் என்ற முறையில், சொல்லைத் தேடுவதற்கு முன் கருவி என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குக் கீழேயுள்ள துணைத்தொட்டியான சம்ப்பில் நிற்கும் ஓர் அக்ரிலிக் உருளை அது. அதன் பம்ப்பிலுள்ள முள்சக்கரம் காற்றையும் நீரையும் சேர்த்தடித்துப் பால்போல் வெளுத்த நுண்குமிழ்களாக்குகிறது. மீன்கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து நீரில் கரையும் மூலக்கூறுகள் பலவற்றுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விட்டு விலகும். விலகும் முனை காற்றுக்குள் நீட்டிக்கொள்ள, மூலக்கூறு குமிழின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. குமிழ்கள் ஏறிக் கழுத்தில் நெருக்கிக்கொள்ளும்போது இடையிலிருந்த நீர் வடிந்து இறங்க, கழிவைச் சுமந்த நுரை மட்டும் மேலே உள்ள கிண்ணத்தில் போய் விழுகிறது. காலையில் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் கடுந்தேநீர் நிறத்தில் கருவாடு ஊறிய நீரின் நாற்றத்தோடு அது கிடக்கும். தொட்டியிலேயே கிடந்திருந்தால் அழுகி அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாகியிருக்கும்.

இனி, ‘புரத’ என்ற முன்சொல்லைப் பற்றி. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் ஒருவர் 2009இல் அளந்து பார்த்தபோது, இக்கருவிகள் நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டையே எடுத்தன. அடுத்த ஆண்டு கிண்ணக் கழிவை உலர்த்திப் பகுத்தபோது, திடப்பொருளில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டும் சிலிக்காவுமாக இருந்தது. ஆங்கிலப் பெயரே பொருந்தாப் பெயர் என்றால், அதன் பிழையை நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்? பெயர் நுரையிலிருந்தே பிறக்க வேண்டும். ‘நுரைபிரிப்பி’ என்பது என் பரிந்துரை.

உடன்குடிக்கு அருகிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி கருவியை விளக்கிய பிறகே எனக்குச் சொல் தெளிந்தது, நன்றி. நன்னூலில் மாணாக்கர் இயல்பைச் சொல்லும் இடத்தில் கடை மாணாக்கருக்கு உவமைகளுள் ஒன்றாக ‘நெய்யரி’ வருவதைக் குழுவினர் அறிவீர்கள். பன்னாடைதான் அது. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். மாணாக்கனுக்கு இழுக்கான அதே குணம் இந்தக் கருவிக்குச் சிறப்பு அல்லவா? நல்ல நீரை விட்டுக் கசடைத் தான் வைத்துக்கொள்கிறது. ஆகவே நெய்யரியை அடியொற்றி ‘நுரையரி’ என்போம். யகர உடம்படுமெய் பெற்று நாவுக்கு இணக்கமாகவும் இருக்கிறது. ‘பிரிப்பி’ என்பதில் வல்லின ஒலிகள் முட்டிக்கொள்கின்றன.

நுரையோடு எங்கள் ஊருக்குப் பழைய உறவு உண்டு. பதநீர் காய்ச்சும்போது நுரைத்துப் பொங்கி வழிய வந்தால், என் தாயார் ஆமணக்கு முத்து இரண்டைத் தட்டிப் போடுவார். அந்த நொடியே நுரை அமர்ந்துவிடும். அமர்ந்த பிறகு ஓரத்தில் ஒதுங்கும் அழுக்கை அகப்பையால் அரித்தெடுப்பார். ‘அரித்தல்’ அங்கே நாள்தோறும் புழங்கிய சொல்.

சிங்கப்பூரிலிருந்து:

ஐயா, ஆமணக்கு முத்து பற்றி நீங்கள் எழுதியது என்னைத் திகைக்க வைத்தது. கையில் எண்ணெய்ப் பசையோடு தொட்டிக்குள் கைவிட்டாலும், எண்ணெய்ப் பசையுள்ள தீனியைப் போட்டாலும், ஸ்கிம்மரின் நுரை இதேபோல் சட்டென்று அமர்ந்து, மீண்டும் எழச் சில மணி நேரம் பிடிக்கும். புதிதாக வாங்கிய கருவி முதல் ஒரு வாரம் சரியாக நுரைக்காததற்கும் உள்சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசைதான் பெருங்காரணம். கையேட்டில் இந்த இடத்துக்கு ‘நுரையமர்தல்’ என்ற சொல்லை அம்மையீர் எடுத்துக்கொள்ளலாம்.

சென்னை கொளத்தூரிலிருந்து, மீன்தொட்டிக் கடைக்காரர்:

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். கடைக்கு வருபவர் ஒருவர்கூட ஸ்கிம்மர் என்பதைத் தவிர வேறு சொல் சொல்லிக் கேட்டதில்லை. ‘நுரையரி’ என்று தொலைபேசியில் சொன்னால் ‘நுரை அரிப்பு’ என்றுதான் காதில் விழும். அரிப்பு என்றால் சொறி, இரும்பு அரிப்பு, கறையான் அரிப்பு என்றே மக்களுக்கு நினைவு ஓடும். ‘பம்ப்’பை ஏற்றுக்கொண்ட நாம் ‘ஸ்கிம்மர்’ ஒன்றை ஏற்பதால் தமிழுக்கு என்ன குறை வந்துவிடும்?

என் கவலை பெயரைப் பற்றியதன்று, பெயருக்குக் கீழே வரும் குறிப்புகளைப் பற்றியது. வாங்கியவர்கள் கருவியைக் கெடுத்துக்கொள்வது அங்கேதான். கழுத்தின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படியும் படலத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் நுரை ஏறாது. காற்றுக்குழாயின் வாயில் உப்புப் பூத்து அடைத்துக்கொண்டால் குமிழே வராது. வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றி, வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்புப் படிவத்தை நீக்க வேண்டும். சம்ப்பில் நீர்மட்டம் ஏறி இறங்கினால் நுரையின் உயரமும் கூடவே ஏறி இறங்கும். ஓர் இரவில் கிண்ணம் நிரம்பி வழிவது பெரும்பாலும் அதனால்தான். இந்த இடங்களில் இலக்கியச் சொற்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கழுத்து, கிண்ணம், காற்றுக்குழாய் என்றே இருக்கட்டும்.

உடன்குடிக்கு அருகிலிருந்து:

கடைக்காரத் தம்பியின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சொறியை நினைவூட்டுகிறது என்பதற்காக ஒரு வேரையே ஒதுக்கலாமா? கல் அரித்தல், பொன் அரித்தல், அரிதட்டு என நல்ல பொருளில் வழங்குபவை எத்தனை! ‘அரிசி’யே அரித்தெடுக்கப்பட்டதால் வந்த பெயர் என்று 40 ஆண்டுகளாக நான் கருதி வருகிறேன். ‘நுரை’யும் நுண்மையைக் குறிக்கும் ‘நு’ என்னும் அடியில் பிறந்ததாகவே எனக்குப் படுகிறது. கருவி காற்றையும் நீரையும் நுண்குமிழ்களாக்குகிறது என்று சிங்கப்பூர்த் தம்பி சொன்னதும் இதற்கு ஒத்துப்போகிறது.

கோயம்புத்தூரிலிருந்து, வேதியியல் விரிவுரையாளர்:

ஐயா, வேர் ஆராய்ச்சிக்குள் நான் வரவில்லை. தொகையில்தான் எனக்கு ஐயம். நெய்யரி என்பது நெய்யை அரிப்பது, இரண்டாம் வேற்றுமை. நுரையரியை அவ்வாறே விரித்தால் நுரையை அரிப்பது என்றாகும். இங்கே அரிக்கப்படுவது நீர். நுரை அதற்குக் கருவி. நுரையால் அரிப்பது என மூன்றாம் வேற்றுமையாக விரித்தால்தான் அறிவியலுக்குப் பொருந்தும். படிப்பவர் எப்படி விரிப்பார் என்று யார் உறுதி சொல்வது? ‘நுரைபிரிப்பி’யை எப்படி விரித்தாலும் கேடில்லை: நுரையால் பிரித்தாலும் சரி, நுரையைப் பிரித்தாலும் சரி. வகுப்பில் ‘நுரைமுறைப் பிரிப்பு’ என்ற செயலோடும் இணைத்துச் சொல்லிவிடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பக்கம் தேநீர் வடிக்கும் கருவியை ‘வடி’ என்றே சொல்வோம். ‘நுரைவடி’ என்றால் நான்கே எழுத்து. குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து:

‘நுரைவடி’ அழகான சொல். ஆயினும் வடிதல் கீழ்நோக்கியது. இக்கருவியில் வேண்டாதது மேலே ஏறிப் போகிறது. அதுவே இதற்கும் வடிகட்டிக்கும் உள்ள வேறுபாடு. வடிகட்டி எனத் தொனித்தால், புதிதாக வாங்குபவர் உள்ளே பஞ்சு எங்கே என்று தேடுவார். இன்னொன்று: கையேட்டில் தேர்வு பற்றிய பகுதியில், தொட்டிக்கு மிஞ்சிய பெரிய கருவி நல்லதன்று என்பதை அழுத்தமாக எழுதுங்கள். கழிவு போதாவிட்டால் அகன்ற கழுத்தில் நுரை நிலைத்து நிற்பதில்லை. கல்லில் மோதிய சிறுநுரைபோல் மெல்ல மெல்ல இல்லாமல் போய்விடும். என் முதல் கருவியில் இந்தத் தவற்றைத்தான் செய்தேன். மூன்று மாதம் கிண்ணம் காய்ந்தே கிடந்தது.

மதுரையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு எல்லா இடங்களையும் மாற்றிவிட்டேன். தனிமடல்களையும் சேர்த்து நால்வர் ‘நுரைபிரிப்பி’யையும், இருவர் ‘ஸ்கிம்மர்’ என்பதையும், ஆசிரியர் ஐயா ‘நுரையரி’யையும் சொன்னீர்கள். ‘நுரைபிரிப்பி’ என்றே வைத்து, ஒவ்வோர் இயலிலும் முதல்முறை வரும்போது ‘ஸ்கிம்மர் எனக் கடைகளில் வழங்கும் நுரைபிரிப்பி’ என்று எழுதியிருக்கிறேன். கழுத்தும் கிண்ணமும் அப்படியே உள்ளன. நுரையமர்தலையும் சேர்த்துவிட்டேன், அதனருகில் ஆமணக்கு முத்தைப் பற்றி ஒரு வரி எழுத ஐயாவின் இசைவு வேண்டும்.

உடன்குடிக்கு அருகிலிருந்து:

இசைகிறேன். இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘நுரைப்பிரிப்பி’ என்று பகரம் இட்டு அச்சிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பின்னிணைப்பின் சொற்பட்டியலில் ‘நுரையரி’க்கும் ஒரு வரி இடம் கொடுங்கள், அம்மா.