40,000 ரூபாவுக்குள் கிராபிக்ஸ் அட்டை: பழைய அலுவலகக் கணினிக்கு எது பொருந்தும்?

பரந்தன்வாசி:
வணக்கம். அலுவலகமொன்றில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 மினி டவர் கணினியொன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். நான்காம் தலைமுறை ஐ5 புரொசசரும், ஒரே தட்டாக 8 ஜீபி ராமும் இருக்கின்றன. தனியான கிராபிக்ஸ் அட்டை இல்லாததால், வலோரண்ட் விளையாட்டு ஓரளவு ஓடினாலும் ஜீடிஏ 5 விளையாட்டு திக்கித் திக்கியே நகர்கிறது. அட்டைக்கென 40,000 ரூபா சேர்த்து வைத்திருக்கிறேன். கிளிநொச்சியில் ஒருவர் 8 ஜீபி நினைவகமுள்ள பாவித்த ஆர்எக்ஸ் 580 ஒன்றை அதற்குள் தருவதாகச் சொல்கிறார். வவுனியாக் கடையொன்றில் அதே காசுக்கு 4 ஜீபி ஜீடிஎக்ஸ் 1650 தான் கிடைக்கிறது. இரட்டிப்பு நினைவகத்தை விட்டுவிட்டுச் சிறியதை வாங்க மனம் வரவில்லை. ஆகவே முடிவெடுக்க முன்னர் உங்களைக் கேட்கிறேன். மொனிட்டர் பழைய 19 அங்குலம்; விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டுமே உண்டு.

மாங்குளத்தான்:
தம்பி, நினைவகத்தைப் பார்க்க முன்னர் பவர் சப்ளையைப் பாருங்கள். உங்கள் கணினியுடன் வந்தது 290 வாட் பவர் சப்ளை. ஆர்எக்ஸ் 580 அட்டை மட்டுமே 185 வாட் வரை இழுக்கும். அதற்கு 8 ஊசிகளுள்ள (8 பின்) மின்வயர் தனியாக வேண்டும், அந்த வயர் உங்கள் பெட்டிக்குள் இருக்காது. ஹார்ட் டிஸ்க்குக்கு மின் தரும் சாட்டா வயரில் மாற்றி வயரொன்றைப் போட்டுக் கொடுக்கலாமென்று யாராவது சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள்: சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட் வரைக்குமே அமைக்கப்பட்டது, அதற்குமேல் இழுத்தால் இணைப்பு உருகித் தீப்பிடிக்கவும் கூடும். பவர் சப்ளையையே மாற்றிவிடலாமென்றாலும், இந்தக் கணினியின் மதர்போர்ட்டில் வழக்கமான 24 பின்னுக்குப் பதிலாக 8 பின் இணைப்பே இருப்பதால், அதற்கும் தனி மாற்றி வயர் தேட வேண்டிவரும்.

வேகத்தில் 580 முந்தும் என்பது உண்மைதான். ஆனால் ஜீடிஎக்ஸ் 1650 அட்டைக்கு 75 வாட் போதும், அந்த அளவை மதர்போர்ட்டில் அட்டையைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையே தந்துவிடும். சில நிறுவனங்கள் வேகம் கூட்டி விற்கும் 1650 அட்டைகளில் 6 பின் இணைப்பு இருக்கிறது. அது இல்லாததைத்தான் கேட்டு வாங்குங்கள். 19 அங்குல மொனிட்டரில் ஜீடிஏ 5 விளையாட 4 ஜீபி தாராளம். பணம் இன்னும் சேரும்வரை பொறுத்திருக்க முடிந்தால், 2024இல் வந்த 6 ஜீபி ஆர்டிஎக்ஸ் 3050 அட்டையும் 70 வாட்டில் வயரின்றி ஓடும். விலை உங்கள் தொகைக்கு மேலேதான்.

முறிகண்டி_வழி:
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். பாவித்த 580 ஒன்றை நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன். விற்றவர் விண்டோஸ் திறப்பதை மட்டும் காட்டினார். வீட்டில் விளையாடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை கறுத்துவிட்டது. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கிராபிக்ஸ் அட்டைகளால் அகழும் முறை நின்றுபோனதும், மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடிய அட்டைகள் பெருந்தொகையாகப் பாவித்த பொருட் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியதெல்லாம் பழுதென்று சொல்லமாட்டேன், ஆனால் சோதிக்காமல் காசு கொடுக்கக்கூடாது. அட்டையை முழு மூச்சில் உழைக்க வைக்கும் ஃபர்மார்க் மென்பொருளை அரை மணிநேரம் ஓடவிட்டு, வெப்பநிலையையும் விசிறியின் சத்தத்தையும் கவனியுங்கள். அட்டையின் விவரங்களைக் காட்டும் ஜீபியூ-இசட் மென்பொருளில் ஷேடர் (அட்டைக்குள் உள்ள சிறு கணிப்பு அலகு) எண்ணிக்கையையும் பாருங்கள்: முழுமையான 580 அட்டையில் 2304 இருக்கும், 2048 என்று காட்டினால் அது அதே பெயரில் வந்த குறைந்த வகை. தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் பாவிக்கப் போகிறவர்கள் பகல் வேளையிலேயே சோதிப்பது நல்லது.

இதற்கிடையில் யாரேனும் மலிவாக 1650க்கு முந்திய தலைமுறை ஜீடிஎக்ஸ் 1050 டிஐ அட்டையைத் தந்தால், அந்தத் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான ட்ரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) வெளியீடு 2025 அக்டோபருடன் முடிந்துவிட்டதையும் கணக்கிலெடுங்கள்.

நெடுங்கேணி:
மொனிட்டரை மறந்துவிடாதீர்கள். 1650 அட்டையில் விஜிஏ துளை கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் சிறு கருவியையும் சேர்த்து வாங்குங்கள். அதற்குள் மின்சுற்று இருக்க வேண்டும், வெறும் வயர் வேலை செய்யாது.

பரந்தன்வாசி:
அனைவருக்கும் மிக்க நன்றி. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பவர் சப்ளையில் 290 வாட் என்றே ஒட்டியிருக்கிறது, அட்டைக்கான வயர் எதுவுமில்லை. 580 வேண்டாமென்று கிளிநொச்சிக்காரருக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வவுனியாவுக்குப் போய், 6 பின் இணைப்பில்லாத 1650 அட்டையையும் விஜிஏ மாற்றியையும் வாங்கவிருக்கிறேன். மிச்சம் வந்தால் ராமுக்குச் செலவிடலாமா?

மாங்குளத்தான்:
செலவிடலாம். இப்போதிருப்பதைப் போன்ற இன்னொரு 8 ஜீபி டீடீஆர்3 தட்டை அதே நிறத் துளையில் போட்டால் இரண்டும் இணையாக இயங்கும். பழைய தட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், வேகத்தைக் குறிக்கும் 1600 என்ற எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.