4 அடி ரீஃப் டேங்க்: 8 எம்எம், 10, 12 எந்தக் கண்ணாடில அடிக்கலாம்? மேல பட்டி எப்படி?

கடல்தொட்டி_சென்னை:
எல்லாருக்கும் வணக்கம். நன்னீர் டேங்க் ஏழு வருஷமா வெச்சிருக்கேன், ரீஃப், அதாவது பவளம் வளர்க்கற கடல்தண்ணி டேங்க், இதான் முதல் தடவை. 48 இஞ்ச் நீளம், 24 அகலம், 24 உயரம்னு சொல்லி கொளத்தூர்ல ரெண்டு கடைல விசாரிச்சேன். ஒருத்தர் 8 எம்எம் தாராளமா போதும், மேல நடுவுல முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் இழுத்துப் பிடிக்க ஒரு குறுக்குக் கண்ணாடிப் பட்டி போட்டுத் தரேன்ங்கிறார், இன்னொருத்தர் 12-க்குக் கீழ நான் அடிக்கவே மாட்டேன்ங்கிறார். விலை கிட்டத்தட்ட டபுள். நடுப் பட்டி எனக்குப் பிடிக்கல, லைட்டை மறைக்கும், அது மேல உப்பு படிஞ்சுக்கிட்டே இருக்கும். பட்டியே இல்லாம ரிம்லெஸ்ஸா போகலாமா இல்ல மேல் விளிம்பு சுத்தி உள்பக்கமா பட்டி ஒட்டற யூரோ பிரேஸா? டஃபன்ட் (சூடாக்கி பலப்படுத்தின) கண்ணாடி போட்டா கனத்தைக் குறைக்கலாம்னு வேற ஒருத்தர் சொன்னார். ஓவர்ஃப்ளோக்கு, அதாவது மேல்தண்ணி வழிஞ்சு கீழ இருக்கற சம்ப் தொட்டிக்குப் போக, பின்னாடி மூணு ஓட்டை வேணும். முதல் மாடி வீடு, வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, அதான் பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ் குடுக்கணும், அதுக்குள்ள சொல்லுங்க ப்ளீஸ்.

அண்ணாச்சி_தூத்துக்குடி:
தம்பி, 8 எம்எம் வேண்டாம், அனுபவத்துல சொல்லுதேன். இதே சைஸ், இதே 8 எம்எம், இதே நடுப் பட்டி என்கிட்ட இருந்துச்சு. ஒரு வருஷம் ஒண்ணும் ஆகல. அப்புறம் ஒரு நாள் கண்ணாடி துடைக்கும்போது பட்டி ஒட்டின இடத்துல, சிலிகானுக்கு உள்ள, நகக்கண் அளவுக்கு வெள்ளி மாதிரி ஒரு திட்டு தெரிஞ்சுது. உப்புன்னு நெனச்சு துணிய வெச்சு தேச்சேன், போகல, விட்டுட்டேன். அது உப்பு இல்ல தம்பி, சிலிகான் கண்ணாடிய விட்டு விலகின இடம். மூணு வாரம் கழிச்சு ராத்திரி பட்டி ஒரு பக்கம் கழண்டு, முன் கண்ணாடி வெளிய தள்ளி, மூலை ஜாயின்ட் கிழிஞ்சு, விடியும்போது ஹால் பூரா தண்ணி. ரெண்டு க்ளவுன் மீன மட்டும் வாளில அள்ளிப் போட்டுக் காப்பாத்த முடிஞ்சுது, பவளம் அத்தனையும் போச்சு. இன்னிக்கும் டேங்க் பக்கத்துல போனா முதல்ல ஜாயின்ட்டதான் பாப்பேன். பட்டி கூடுதல் பலத்துக்குத்தான் இருக்கணும், அது கழண்டாலும் கண்ணாடி தனியா நிக்கணும்.

கணக்குப்புள்ள:
அண்ணாச்சி சொன்னதுக்கு கணக்கு இதுதான். தண்ணி அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது மட்டும்தான், அகலம் 2 அடியோ 4 அடியோ முன் கண்ணாடிக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. உங்க 48க்கு 24 முன் கண்ணாடில விளிம்பு வரைக்கும் கடல்தண்ணி இருந்தா மொத்தமா 230 கிலோ சொச்சம் வெளிய தள்ளும். மேல பட்டியே இல்லன்னு வெச்சு கணக்கு போடும்போது பாதுகாப்பு எண், அதாவது கண்ணாடியோட பலம் அது மேல விழற இழுவையை விட எத்தனை மடங்குங்கறது, 3.8 வரணும்னு பாப்பாங்க. உங்க சைஸுக்கு 12 எம்எம் போட்டா கரெக்ட்டா 3.8 வருது, 10-க்கு 2.6, 8-க்கு 1.7 தான். அதுவும் வளைவு கனத்தோட மும்மடிக்கு எதிரா போகும், அதாவது 12-க்கு பதிலா 8 போட்டா கண்ணாடி மூணு மடங்குக்கு மேல வளையும், அந்த வளைவு பூரா பட்டி ஜாயின்ட்டையும் மூலை சிலிகானையும்தான் இழுக்கும்.

ஆனா நான் கேக்கறது வேற, உங்களுக்கு 24 உயரம் எதுக்கு? 20 ஆக்குங்க. 10 எம்எம்லயே பாதுகாப்பு எண் 4-க்கு மேல வந்துடும், முன் கண்ணாடி மேல தள்ளற எடையும் 160 கிலோவா இறங்கிடும். தண்ணி 75 லிட்டர் குறையும், அதை சம்ப்ல ஏத்திக்கலாம். அடில இருக்கற பவளத்துக்கு லைட் நல்லா போகும், தோள்பட்டை நனையாம தரை வரைக்கும் கை எட்டும். ரீஃப்ல தினம் கை விட வேண்டியிருக்கும்ங்க, இது சின்ன விஷயமே இல்ல.

கடல்தொட்டி_சென்னை:
20 இஞ்ச் தோணவே இல்ல சார், ரொம்ப நன்றி. அண்ணாச்சி, படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. அப்போ 20 உயரம், 10 எம்எம், ரிம்லெஸ்ஸே போயிடலாமா? டஃபன்ட் பத்தி யாராச்சும் சொல்லுங்களேன்.

டேங்க்_அடிக்கிறவன்:
போகலாம், ஆனா பசங்க இருக்கற வீடுன்னா சுத்தி 3 இஞ்ச் அகலத்துல யூரோ பிரேஸ் போட்டுடுங்க, அதே 10 எம்எம்ல. நடுவுல திறந்தே இருக்கும், லைட்டும் மறையாது, மீன் வெளிய குதிக்கறதும் கொஞ்சம் குறையும். அடிக்கண்ணாடி 12 வைங்க. டஃபன்ட் வேண்டாம், அதுல அப்புறமா ஓட்டை போட முடியாது, ட்ரில் வெச்சீங்கன்னா மொத்தமும் பொடிப்பொடியா உதிரும். சாதாரண கண்ணாடின்னா விரிசல்தான் விடும், சுதாரிக்க நேரம் கிடைக்கும். ஓட்டையை பின் கண்ணாடில மேல் பக்கமா போடுங்க, அங்க அழுத்தம் கம்மி, ஓரத்துல இருந்து குறைஞ்சது ஓட்டையோட விட்டம் அளவு தள்ளி இருக்கணும். முன்னாடி மட்டும் லோ அயர்ன் (இரும்பு கம்மியா இருக்கற) கண்ணாடி கேளுங்க, சாதா கண்ணாடில இருக்கற பச்சை சாயல் இருக்காது.

சிலிகான் வாங்கும்போது பாத்ரூமுக்குப் போடற பூஞ்சை தடுப்பு வகை வேண்டவே வேண்டாம், அந்த மருந்து தண்ணில இறங்கும். ஒட்டி முடிச்சு ஒரு வாரம் காயணும், கடைக்காரர் ரெண்டு நாள்ல தரேன்னா ஒத்துக்காதீங்க. ஸ்டாண்ட் மேல 18 எம்எம் பிளைவுட், அது மேல தெர்மாகோல். தண்ணி, கண்ணாடி, பாறை எல்லாம் சேர்த்து அரை டன் வரும், அதனால பீம் போற சுவரை ஒட்டி வைங்க.

அண்ணாச்சி_தூத்துக்குடி:
இன்னொண்ணு தம்பி. மன்னார் வளைகுடால இருந்து பாறை, பவளம் எடுத்துத் தரேன்னு எவனாவது வந்தா வாங்காதீங்க. பவளம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு என்ன சட்டமோ அதேதான். காய்ஞ்ச பாறைல ஆரம்பிங்க, மீன் கழிவை முறிக்கற பாக்டீரியா அதுல பிடிக்க நாள் ஆகும், காத்திருங்க.

கடல்தொட்டி_சென்னை:
அப்டேட். 48க்கு 24க்கு 20, 10 எம்எம், அடி 12, சுத்தி 3 இஞ்ச் பட்டி. 8 எம்எம் சொன்ன கடைக்குத் திரும்பப் போகவே இல்ல. டேங்க் வந்ததும் ரசமட்டம் வெச்சா வலது மூலைல ஒரு நூல் இறக்கம், ஸ்டாண்ட் காலுக்கு அடில தகடு குடுத்து சரி பண்ணிட்டுதான் சாதா தண்ணி நிரப்பினேன். நிரப்பறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் முன் கண்ணாடி மேல நூல் இழுத்துக் கட்டிப் பாத்தேன், நடுவுல அரை எம்எம் கூட வளையல. ராத்திரி மூணு தடவை எழுந்து டார்ச் அடிச்சு ஒவ்வொரு மூலையா பாத்தேன். அண்ணாச்சி சொன்ன வெள்ளித் திட்டு எங்கயும் இல்ல. மூணு நாள் ஆச்சு, அடில விரிச்ச பேப்பர் காய்ஞ்சே இருக்கு. நாளைக்கு உப்பு கலக்கறேன்.