வில்லுப்பாட்டுப் பதிவில் எதிரொலி பட்டென்று அறுந்துபோகிறது: ஆட்டோமேஷனில் உதவி தேவை

கேள்வி (சுசீந்திரம்)
வணக்கம். அம்மன் கோயில் கொடை விழாக்களில் பாடும் ஒரு குழுவின் வில்லுப்பாட்டை, புலவர் (முதன்மைப் பாடகர்), குடம், உடுக்கை, தாளம், பின்பாட்டு எனத் தனித்தனி ட்ராக்குகளில் பதிவு செய்து ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிக்ஸ் செய்துவருகிறேன். புலவர் அடியை முடிக்கும் கடைசிச் சொல் மட்டும் எதிரொலித்துக் கரைய வேண்டும் என்பதற்காக, டிலே (எதிரொலி உண்டாக்கும் விளைவு) உள்ள ட்ராக்கின் ஃபேடரை (ஒலியளவுக் கட்டுப்பாட்டை) அந்தச் சொல்லில் ஏற்றி, சொல் முடிந்ததும் இறக்கும்படி ஆட்டோமேஷன் (அளவைத் தானாக மாற்றும் கோடு) எழுதியிருக்கிறேன். எதிரொலியோ கரையாமல் கத்தரித்ததுபோல் நின்றுவிடுகிறது. முந்தைய சொற்களின் மிச்சமும் உள்ளே கேட்கிறது. எங்கே மாற்ற வேண்டும்?

பதில் (தக்கலை)
தம்பி, டிலேவுக்குள் பாட்டு முழுவதும் போய்க்கொண்டே இருக்கிறது. நீங்கள் வெளிவாசலை மட்டும்தான் திறந்து மூடுகிறீர்கள். டிலே ட்ராக்கின் ஃபேடரை அசைக்காமல் விட்டுவிட்டு, புலவரின் ட்ராக்கிலிருந்து அங்கே செல்லும் சென்ட் (ஒலியின் நகலை அனுப்பும் வழி) அளவுக்கு ஆட்டோமேஷன் எழுதுங்கள். கடைசிச் சொல்லில் மட்டும் சென்ட் திறந்தால், உள்ளே போன ஒலி ஃபீட்பேக் (எதிரொலி மீண்டும் டிலேவுக்குள் திரும்பும்) அளவுக்கேற்பத் தானாகவே தேய்ந்து அடங்கும். கோட்டைச் செங்குத்தாக ஏற்றாமல் 20 மில்லிசெகண்டு அளவுக்குச் சாய்த்தால் 'டிக்' என்ற ஒலி வராது. பின்பாட்டுக்காரரின் 'ஆமா' மீது எதிரொலி ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அது மங்கினால் வில்லுப்பாட்டின் உயிரே போய்விடும்.

கேள்வி (சுசீந்திரம்)
மிக்க நன்றி அண்ணே, சரியாகிவிட்டது. ஆனால் நிமிடத்துக்கு 80 தட்டில் தொடங்கும் பாட்டு முடிவில் 120ஐத் தொடுகிறது. அதற்கேற்ப டிலே நேரத்தையும் ஆட்டோமேஷனில் குறைத்தால் குரலின் சுருதி வழுக்குகிறதே?

பதில் (குளச்சல்)
பல டிலேக்களில் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும்போது, உள்ளே சேமித்திருக்கும் ஒலி வேறு வேகத்தில் வாசிக்கப்படுவதால் சுருதி மாறுகிறது. 60,000ஐத் தட்டு எண்ணிக்கையால் வகுத்தால், 80க்கு 750 மில்லிசெகண்டும் 120க்கு 500 மில்லிசெகண்டும் கிடைக்கும். ஆகவே இந்த இரு நேரங்களிலும் ஒவ்வொரு டிலே வைத்து, வேகம் மாறும் இடத்தில் ஒன்றன் சென்ட்டை மூடி மற்றதன் சென்ட்டைத் திறங்கள். இடைப்பட்ட வேகத்துக்கு மூன்றாவது ஒன்றும் வைக்கலாம். என்னைக் கேட்டால், உச்சகட்டத்தில் வில்மணிகளே இடைவெளியை நிரப்பிவிடுவதால் அங்கே டிலே வேண்டியதில்லை. குடத்தை மெல்ல ஏற்றிக்கொண்டு போவதே போதும். அதை டச் முறையில் கையால் எழுதினால் ஃபேடரை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஏறிய அளவு நிற்க வேண்டுமானால் லாட்ச் முறையைத் தேர்ந்தெடுங்கள்.